அடுத்திருப்பவரின் அஞ்சல்தலை

அஞ்சல்தலை அளவிற் சிறியது. ஆனால் ஒரு நாடு யாரை மதிக்கிறது என்பதைச் சொல்லும் ஆற்றல் அதற்கு உண்டு. 1840ஆம் ஆண்டில் இங்கிலாந்து வெளியிட்ட உலகின் முதல் அஞ்சல்தலையில் விக்டோரியா அரசியின் முகம் இருந்தது. அதன்பின் நெடுங்காலம் அந்தச் சிறு காகிதச் சதுரத்தில் அரசர்களும் ஆட்சித் தலைவர்களும் படைத் தலைவர்களுமே வீற்றிருந்தனர். கவிஞர்க்கும் கலைஞர்க்கும் அறிவியலார்க்கும் இடம் கிடைத்தது மெல்ல மெல்லத்தான்.

2018 மார்ச் 23 அன்று அமெரிக்க அஞ்சல் துறை பிட்ஸ்பர்க் நகரில் ஓர் அஞ்சல்தலையை வெளியிட்டது. அதில் இருப்பவர் அரசரல்லர், படையும் நடத்தியவரல்லர். சிவப்பு நிறக் கம்பளிச் சட்டை அணிந்து, அமைதியாகப் புன்னகை செய்யும் நரைத்த தலையர். அவரருகே முடிசூடிய ஒரு கைப்பாவை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சியில் சிறு குழந்தைகளோடு பேசியதே அவர் செய்த பணி. பெயர் ஃபிரெட் ரோஜர்ஸ். அவர் உயிரோடு இருந்திருந்தால் அதற்கு மூன்று நாள்களுக்கு முன் அவருக்கு 90 வயது நிறைந்திருக்கும்.

அந்த அஞ்சல்தலையில் விலை அச்சிடப்படவில்லை. 'என்றும்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே விலைக்குரிய இடத்தில் இருக்கிறது. 2007 முதல் அமெரிக்கா வெளியிட்டு வரும் இவ்வகை அஞ்சல்தலைகளை இன்று வாங்கி வைத்தால், பின்னர் கட்டணம் எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு சாதாரணக் கடிதத்திற்கு அவை செல்லும். 2018இல் அதன் விலை 50 சென்ட். காலத்தால் மதிப்புக் குறையாத ஒரு தலை! இந்த மனிதருக்கு அது பொருத்தமான சிறப்புத்தானா? அவருடைய வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

சின்னத் திரையும் ஓர் இளைஞரும்

பென்சில்வேனியா மாநிலத்தில் லேட்ரோப் என்னும் தொழில் நகரில் 1928 மார்ச் 20 அன்று ஃபிரெட் ரோஜர்ஸ் பிறந்தார். வசதி படைத்த குடும்பம். ஆயினும் அவரது இளமை இனிமையானதாக அமையவில்லை. அடிக்கடி நோயுற்ற பிள்ளை, உடல் பருமன், கூச்ச சுபாவம். உடன் படித்த சிறுவர்கள் அவரைக் கேலி செய்து துரத்தியதுண்டு. தனிமையில் அவருக்குத் துணையாய் இருந்தவை பியானோவும் கைப்பாவைகளும். அவருடைய தாய்வழிப் பாட்டனார் மக்ஃபீலி, பேரனை அவன் இருந்தபடியே விரும்பினார். அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். ஒரு முதியவர் ஒரு குழந்தையிடம் கூறிய அந்த ஒரு செய்தியையே அக்குழந்தை வளர்ந்து ஒரு நாட்டின் குழந்தைகள் அனைவருக்கும் கூறியது. தம் நிகழ்ச்சியில் வீடு வீடாகப் பொருள்களைக் கொண்டுவந்து தரும் அஞ்சற்காரர் போன்ற பாத்திரத்திற்குப் பாட்டனாரின் பெயரையே அவர் வைத்தார்.

இசையில் பட்டம் பெற்று 1951இல் கல்லூரியை விட்டு வெளியேறிய ரோஜர்ஸ், இறையியல் கல்லூரியில் சேர எண்ணியிருந்தார். அந்நேரத்தில் பெற்றோரின் வீட்டில் அப்போது புதுமையாய் வந்திருந்த தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்டார். ஒருவர் முகத்தில் மற்றொருவர் பண்டங்களை வீசியடித்துச் சிரிப்பூட்டும் காட்சி அதில் ஓடிக்கொண்டிருந்தது. மனிதரை இழிவுபடுத்தும் அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. இத்தகைய நேரத்தில் சமயப் பற்றுள்ள ஒருவர் என்ன செய்வார்? பெட்டியை மூடிவிட்டு, அது அலகையின் கருவி என்று பேசுவார். ரோஜர்ஸோ, இவ்வளவு ஆற்றல் வாய்ந்த கருவி நன்மைக்கும் பயன்படலாமே என்று எண்ணி நியூயார்க்கிற்குப் புறப்பட்டார். அங்கே என்.பி.சி. நிறுவனத்தில் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1953இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கப்படவிருந்த டபிள்யூ.கியூ.இ.டி. என்னும் மக்கள் ஆதரவு பெற்ற நிலையத்தில் சேர்ந்தார். பெருநிறுவனத்தை விட்டுவிட்டு இன்னும் ஒளிபரப்பே தொடங்காத ஒரு நிலையத்திற்குப் போவதை நண்பர்கள் அறிவீனம் என்றே கருதினர்.

1954இல் ஜோசி கேரி என்னும் பெண்மணி நடத்திய குழந்தைகள் நிகழ்ச்சியில் ரோஜர்ஸ் திரைக்குப் பின்னால் நின்று பாவைகளை ஆட்டினார்; ஆர்கன் வாசித்தார். நிலையத்தின் மேலாளரான டாரதி டேனியல் அம்மையார் தந்த ஒரு சிறு புலிப்பாவைக்கு 'டேனியல்' என்றே பெயர் சூட்டப்பட்டது. உறுமாத, கூச்சம் மிகுந்த, தன்னைப் பற்றியே ஐயம் கொண்ட புலி அது. லேட்ரோப் நகரின் கூச்ச சுபாவமுள்ள சிறுவனே அந்தப் புலியின் குரலில் பேசினான் எனலாம்.

1963: இரு நிகழ்வுகள்

பகலில் நிலையத்தில் வேலை. மதிய உணவு நேரத்தில் இறையியல் வகுப்பு. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் படித்த ரோஜர்ஸ், 1963இல் பிரெஸ்பிட்டேரியன் சபையின் போதகராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆனால் அவருக்கு ஓர் ஆலயமோ பங்கோ அளிக்கப்படவில்லை. மக்கள் தொடர்புக் கருவிகளின் வழியாகக் குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் பணியாற்றுவதே அவருக்கு அளிக்கப்பட்ட பொறுப்பு. தொலைக்காட்சி நிலையமே அவருடைய பங்கு. கண்ணாடித் திரையே அவருடைய மறையுரை மேடை.

அதே ஆண்டு, அதே 1963இல், டிசம்பர் 4 அன்று உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் முதல் ஏடுகள் இரண்டை வெளியிட்டது. ஒன்று திருவழிபாடு பற்றியது. நாம் அனைவரும் அறிந்தது. மற்றொன்று சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றியது. நம்மில் பலர் மறந்துவிட்டது. அச்சு, திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவை இறைவன் தந்த அறிவால் மனிதன் கண்ட வியத்தகு கருவிகள் என்றும், அவற்றை மானிடரின் நலனுக்குப் பயன்படுத்தும் பொறுப்பில் பொதுநிலையினருக்குச் சிறப்பான பங்கு உண்டு என்றும் அவ்வேடு கற்பித்தது. அதன் பயனாகவே திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் உலகச் சமூகத் தொடர்பு நாளைத் தொடங்கிவைத்தார்.

பிட்ஸ்பர்க் போதகர் நம் சங்க ஏட்டைப் படித்துவிட்டுப் பணியைத் தொடங்கினார் என்று நாம் உரிமை கொண்டாட இயலாது. இரு நிகழ்வுகளும் ஒன்றையொன்று அறியாமலே நடந்தவை. ஆயினும் ஒரே காற்று இரு சோலைகளில் வீசியதுபோல், ஒரே ஆண்டில் இரு சபைகளில் ஒரே எண்ணம் முளைத்தது. தூய ஆவியார் வேலி பார்த்து வீசுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று அன்றோ?

மன்னரும் முள்வேலியும்

கனடாவில் சில காலம் பணியாற்றித் திரும்பிய ரோஜர்ஸின் நிகழ்ச்சி, 1968 பிப்ரவரி 19 முதல் நாடு முழுவதும் ஒளிபரப்பாயிற்று. அதன் பெயரைத் தமிழில் 'ரோஜர்ஸ் ஐயாவின் அக்கம்பக்கம்' எனலாம். ஒவ்வொரு நாளும் அவர் பாடிக்கொண்டே வீட்டுக்குள் வருவார்; கோட்டைக் கழற்றிக் கம்பளிச் சட்டையை அணிவார்; காலணியை மாற்றுவார்; மீன்களுக்கு இரை போடுவார். ஒவ்வொரு நாளும் அதே வரிசை. குழந்தையின் மனம் அச்சமின்றித் திறப்பதற்கு மாறாத ஒழுங்கு தேவை என்பதைப் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் குழந்தை உளவியல் அறிஞர் மார்கரெட் மக்ஃபார்லண்ட் அம்மையாரிடம் அவர் கற்றிருந்தார். அந்த அம்மையார் 1988இல் மறையும் வரை அவருடைய ஆலோசகராய் இருந்தார். அவர் அணிந்த கம்பளிச் சட்டைகளைப் பின்னித் தந்தவர் அவருடைய தாயார். அவற்றுள் ஒன்று 1984 முதல் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமையாய் உள்ளது.

நிகழ்ச்சியின் நடுவே ஒரு சிறு டிராம் வண்டி குழந்தைகளைக் கற்பனை நாட்டுக்கு அழைத்துச் செல்லும். பாவைகளுக்குக் குரல் கொடுத்தவர் ரோஜர்ஸே எனினும், அந்நாட்டில் அவர் முகம் ஒருபோதும் தோன்றாது. உண்மை எது, கற்பனை எது என்பதில் குழந்தை மயங்கலாகாது என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பாய் இருந்தார்.

அஞ்சல்தலையில் அவரருகே இருக்கும் மன்னர் அந்தக் கற்பனை நாட்டை ஆள்பவர். 'பதின்மூன்றாம் வெள்ளி' என்பது அவர் பெயர். பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் தீமை விளையும் என்பது மேலை நாட்டு மூடநம்பிக்கை. குழந்தைகள் அந்நாளை அஞ்சாமல் மன்னரின் பிறந்தநாளாக மகிழ்ந்து கொண்டாட வேண்டும் என்றே அப்பெயரை அவர் சூட்டினார். மன்னர் தற்பெருமை மிக்கவர், மாற்றத்தை அஞ்சுபவர். நாடு தழுவிய ஒளிபரப்பின் முதல் வாரக் கதையிலேயே, ஊரில் பொருள்கள் இடம் மாறுவதைக் கண்டு கலங்கிய மன்னர், எல்லையில் முள்வேலி இட்டுக் காவலரை நிறுத்துகிறார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. கதையில் மன்னரை வென்றது படையன்று. அமைதி, அன்பு முதலிய சொற்களைத் தாங்கிய பலூன்களை வேலிக்கு மேலாகப் பறக்கவிடுகிறார்கள் அக்கம்பக்கத்தார். மன்னர் மனம் மாறுகிறார், வேலி விழுகிறது.

வேலியைத் தாண்டி வந்த அந்தச் செய்திகளும் ஒருவகை அஞ்சல்தாமே! ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த மன்னரே ஓர் அஞ்சல்தலையில் வந்து அமர்ந்தது வேடிக்கையாகவும் பொருத்தமாகவும் இருக்கிறது. மன்னரின் குரலும் அவரை மனம் மாறச் செய்தவரின் குரலும் ஒரே மனிதருடையவை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வேலி போடும் மன்னர் நம் ஒவ்வொருவருக்குள்ளும் இருக்கிறார் என்பதை ரோஜர்ஸ் தம்மிடமிருந்தே அறிந்திருந்தார்.

அதே 1968 ஜூன் மாதத்தில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். பெரியவர்கள் தொலைக்காட்சிமுன் உறைந்து அமர்ந்திருக்க, குழந்தைகளும் அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் இறந்த மறுநாளே, ஜூன் 7 அன்று, பெற்றோர்களுக்கென ஒரு சிறப்பு நிகழ்ச்சியை ரோஜர்ஸ் அளித்தார். அதில் புலிப்பாவை டேனியல், பலூனிலிருந்து வெளியேறிய காற்று எங்கே போயிற்று என்று கேட்டபின், அரசியல் படுகொலை என்றால் என்ன பொருள் என்று மெல்லக் கேட்கிறது. குழந்தைகளுக்கு எதுவும் தெரியாது என்று எண்ணி நாம் அடக்கி வைக்கும் பேச்சுகளை, அவர்களுக்குத் தெரியும் என்று எண்ணி அவர் எடுத்துப் பேசினார். 1970இல் மீன்தொட்டியில் ஒரு மீன் இறந்து கிடந்தபோது, அதை எடுத்துத் தோட்டத்தில் புதைத்து, தம் சிறு வயதில் தம் நாய் இறந்தபோது அழுததைச் சொன்னார். 1981இல் மணமுறிவைப் பற்றியும், 1983இல் போர்ப் போட்டியைப் பற்றியும் ஒரு வாரம் முழுதும் பேசினார். வாய்விட்டுச் சொல்ல முடிந்த துயரத்தைத் தாங்கிக்கொள்ளவும் முடியும் என்பது அவர் கொள்கை.

ஒரு தொட்டித் தண்ணீர்

1964 ஜூன் 18 அன்று புளோரிடா மாநிலத்தின் செயிண்ட் அகஸ்டின் நகரில் ஒரு விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக இறங்கியபோது, விடுதியின் உரிமையாளர் குளத்தில் அமிலத்தை ஊற்றினார். அந்தக் காட்சியின் ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. இன ஒதுக்கலைத் தடை செய்யும் சட்டம் அடுத்த மாதமே வந்தது. ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் மனங்கள் மாறவில்லை.

1969 மே 9 அன்று ஒளிபரப்பான நிகழ்ச்சியில் ரோஜர்ஸ் தம் வீட்டு முற்றத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கால்களை நனைத்துக்கொண்டிருந்தார். அவ்வழியே காவலர் கிளெமன்ஸ் வந்தார். அப்பாத்திரத்தில் நடித்தவர் ஃபிரான்சுவா கிளெமன்ஸ் என்னும் கறுப்பினப் பாடகர். வெயிலாய் இருக்கிறதே, நீங்களும் கால் நனையுங்கள் என்று ரோஜர்ஸ் அழைத்தார். கிளெமன்ஸ் காலணிகளைக் கழற்றினார். ஒரே நீரில் இரு நிறப் பாதங்கள். பின்பு ரோஜர்ஸ் தம் துண்டையே கொடுத்துக் கால்களைத் துடைக்க உதவினார். இனவேறுபாடு என்ற சொல்லே அங்கு எழவில்லை. எவரையும் குற்றம் சாட்டும் சொல்லும் இல்லை.

பெரிய வியாழன்தோறும் நம் ஆலயங்களில் பன்னிருவரின் பாதங்கள் கழுவப்படுவதைக் காணும் நாம் இந்தக் காட்சியின் வேரை உடனே அறிந்துகொள்வோம். யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தை அவர் வாசிக்கவில்லை; அதை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் செய்து காட்டினார். 1993இல் கிளெமன்ஸ் கடைசியாக நிகழ்ச்சியில் தோன்றியபோது இருவரும் மீண்டும் அக்காட்சியைச் செய்தனர்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிளெமன்ஸ் ஓரினப் பாலீர்ப்பு உடையவர். அது வெளியே தெரிந்தால் நிகழ்ச்சி நிலைக்காது என்று அஞ்சிய ரோஜர்ஸ், அதை மறைத்து வைக்குமாறு அவரிடம் கூறினார். அது தமக்கு வலித்தது என்று கிளெமன்ஸ் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். ஆயினும் தம்மை அன்பு செய்த தந்தைபோன்றவர் ரோஜர்ஸ் என்பதையும் அதே மூச்சில் சொன்னார். எல்லாரையும் அவர்கள் இருந்தபடியே ஏற்றுக்கொள்ளக் கற்பித்தவருக்கும் அக்கற்பித்தலின் கடைசிப் படி கடினமாகவே இருந்திருக்கிறது. கருணையைப் போதிப்பவர்கள் அனைவரும் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

ஆறு நிமிடங்கள்

அந்தத் தொட்டிக் காட்சி ஒளிபரப்பாவதற்கு ஒரு வாரம் முன்பு, 1969 மே 1 அன்று, ரோஜர்ஸ் வாஷிங்டனில் செனட் துணைக்குழுவின்முன் அமர்ந்திருந்தார். பொது ஒளிபரப்புக்கென முன்மொழியப்பட்ட 2 கோடி டாலரைப் பாதியாகக் குறைக்க நிக்சன் அரசு விரும்பியது. குழுவின் தலைவர் ஜான் பாஸ்டோரி, சுருக்கெனப் பேசுபவர் எனப் பெயர் பெற்ற செனட்டர். ரோஜர்ஸின் நிகழ்ச்சியை அவர் பார்த்ததே இல்லை.

எழுதிக் கொண்டுவந்த உரையை ரோஜர்ஸ் படிக்கவில்லை. ஏறத்தாழ ஆறு நிமிடங்கள், குழந்தைகளிடம் பேசும் அதே குரலில் பேசினார். சினம் எழும்போது அதை என்ன செய்வது என்று ஒரு குழந்தை கேட்பதாக அமைந்த தம் பாடலின் சொற்களைச் சொல்லிக் காட்டினார். உணர்வுகளைப் பேசவும் அடக்கியாளவும் முடியும் என்பதைக் குழந்தைகள் அறிந்தால் அது மனநலத்திற்குப் பெருந்தொண்டு என்றார். கேட்டுக்கொண்டிருந்த செனட்டருக்கு மெய் சிலிர்த்தது. அதை அவரே சொன்னார். அந்த 2 கோடி டாலரையும் நீர் ஈட்டிவிட்டீர் என்று அவர் அங்கேயே கூறினார்.

வாதத்தில் வெல்லும் கலை பலருக்கும் தெரியும். எதிரில் இருப்பவருக்குள் உறங்கும் குழந்தையை எழுப்பி வெல்லும் கலை சிலருக்கே கைவரும்.

ஆனால் வரலாறு அங்கே நின்றுவிடவில்லை. 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ், பொது ஒளிபரப்புக்கு முன்னரே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்நிதியைப் பகிர்ந்தளித்து வந்த கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்வதாக அடுத்த மாதமே அறிவித்தது. 1969இல் ஒருவர் ஆறு நிமிடங்களில் காத்தது 56 ஆண்டுகளுக்குப் பின் கைவிட்டுப் போயிற்று. நன்மை ஒருமுறை வென்றால் என்றென்றைக்கும் வென்றதாகாது. ஒவ்வொரு தலைமுறையும் அதன் பொருட்டு மீண்டும் எழுந்து நின்று பேச வேண்டியிருக்கிறது.

கடிதங்களும் மன்றாட்டும்

அஞ்சல்தலைக்கு ரோஜர்ஸைப்போல் உரிமை பெற்றவர் அரியர். ஏனெனில் அவர் கடிதங்களின் மனிதர். தமக்கு எழுதிய குழந்தைகளுக்கெல்லாம் விடை எழுதுவதைத் தம் பணியின் பகுதியாகவே கொண்டிருந்தார். மீன்களுக்கு இரை போட்டீர்களா, எனக்குத் தெரியவில்லையே என்று பார்வையற்ற ஒரு சிறுமி கவலையோடு எழுதியபோது, அன்றுமுதல் இரை போடுவதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார். பல இலட்சம் பேர் காணும் நிகழ்ச்சி, ஒரு குழந்தையின் பொருட்டு மாறியது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயரின் கணக்கு இது.

1981இல் ஜெஃப் எர்லாங்கர் என்னும் 10 வயதுச் சிறுவனைத் தம் நிகழ்ச்சிக்கு அழைத்தார். சக்கர நாற்காலியில் வந்த அச்சிறுவன் தன் உடற்குறையையும் தனக்கு நடந்த அறுவை மருத்துவத்தையும் தானே விளக்கினான். ரோஜர்ஸ் இடைமறிக்கவில்லை, இரக்கப்படவும் இல்லை. கேட்டார், பின் அவனோடு சேர்ந்து பாடினார்.

இந்தப் பொறுமை அவருக்கு எங்கிருந்து வந்தது? விடியுமுன் எழுவார்; விவிலியம் வாசிப்பார்; பெயர்களைச் சொல்லிச் சொல்லி மன்றாடுவார். முதல் நாள் சந்தித்தவர், கடிதம் எழுதியவர், நோயுற்றவர் எனப் பட்டியல் நீளும். பின்பு நீந்தச் செல்வார். அதன்பின்னரே ஒளிப்பதிவுக் கூடம். கேமராவின்முன் அவர் கண்களில் தெரிந்த அமைதி, விடியற்காலையில் முழந்தாளில் ஈட்டியது.

ஆயினும் அவர் தம் நிகழ்ச்சியில் சமயத்தைப் போதிக்கவில்லை. எல்லாச் சமயத்தாரின் குழந்தைகளுக்கும் உரிய பொது ஒளிபரப்பில், எந்தக் குழந்தையும் தான் வெளியே நிற்பதாக உணரலாகாது என்பது அவர் எண்ணம். இதற்கு அடிப்படையாக அமைந்த ஒரு நிகழ்ச்சியை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இறையியல் மாணவராய் இருந்தபோது ஓர் ஆலயத்தில் மிக மோசமான மறையுரை ஒன்றைக் கேட்டார். அதன் குறைகளை மனத்தில் எண்ணிக்கொண்டே அருகிலிருந்தவர் பக்கம் திரும்பினார். அவரோ கண்ணீரோடு, எனக்கு எது தேவையோ அதையே இவர் சொன்னார் என்றார். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள வெளியில் தூய ஆவியார் செயலாற்றுகிறார் என்று அன்று உணர்ந்தார் ரோஜர்ஸ். தொலைக்காட்சித் திரைக்கும் குழந்தைக்கும் இடையிலுள்ள சில அடி இடத்தை அவர் புனித நிலம் என்றே கருதினார். எரியும் முட்செடியின்முன் மோசே மிதியடிகளைக் கழற்றினார். ரோஜர்ஸ் நாள்தோறும் தம் காலணிகளை மாற்றியதை அவ்வாறு எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

கத்தோலிக்கரோடு அவருக்கு நெருங்கிய நட்பு இருந்தது. ஆன்மிக எழுத்தாளரான ஹென்றி நூவென் அடிகளார், 1996இல் இறக்கும் வரை அவருடைய நண்பர். லேட்ரோப் நகரை அடுத்துள்ள புனித வின்சென்ட் மடம், 1846இல் பவேரியாவிலிருந்து வந்த பெனடிக்ட் சபைத் துறவி போனிஃபாஸ் விம்மரால் நிறுவப்பட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அச்சபையின் முதல் மடம் அதுவே. அம்மடத்தின் தலைவராய் இருந்த டக்ளஸ் நோவிக்கி அடிகளார் ரோஜர்ஸின் நெடுங்கால நண்பர். ரோஜர்ஸின் ஆவணங்களைக் காக்கும் மையம் இன்று அம்மடத்தார் நடத்தும் கல்லூரியில்தான் உள்ளது. பிரெஸ்பிட்டேரியன் போதகரின் கடிதங்களைப் பெனடிக்ட் துறவிகளின் கூரை காத்து வருகிறது!

என்றும்

நிகழ்ச்சி 2001 ஆகஸ்ட் 31 வரை ஒளிபரப்பானது. 2002இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு அளிக்கப்பட்டது. 2003 பிப்ரவரி 27 அன்று வயிற்றுப் புற்றுநோயால் ரோஜர்ஸ் இறந்தார். 2012இல் தொடங்கிய ஒரு கேலிச்சித்திரத் தொடரில் டேனியல் புலியின் குடும்பம் புதிய தலைமுறைக்கு அறிமுகமாயிற்று.

அவர்மீது குறை கூறியோரும் உண்டு. ஒவ்வொரு குழந்தையிடமும் நீ சிறப்பானவன் என்று கூறி, உழைக்காமலே உரிமை கேட்கும் ஒரு தலைமுறையை உருவாக்கிவிட்டார் என்று 2007இல் சில அமெரிக்க ஊடகங்கள் எழுதின. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான குற்றச்சாட்டே. ஆனால் அவர் கூறியது, நீ பிறரைவிடச் சிறந்தவன் என்பதன்று; எதையும் சாதிப்பதற்கு முன்பே நீ அன்புக்குரியவன் என்பது. இரண்டுக்கும் உள்ள தொலைவு பெரிது. முதலாவது செருக்கை வளர்க்கும். இரண்டாவது நன்றியை வளர்க்கும். கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும் திருச்சபை இந்த இரண்டாவதையன்றி வேறு எதைப் பறைசாற்றுகிறது? பேசவும் நடக்கவும் அறியாத உயிரை, எத்தகுதியும் கேளாமல், இறைவனின் பிள்ளை என்று அழைக்கிறோம். அருள் என்பதன் பொருளே அதுதான்.

1997இல் தமக்கு வாழ்நாள் சாதனை விருது அளிக்கப்பட்டபோது, பளபளக்கும் ஆடையணிந்த நடிகர்கள் நிறைந்த அரங்கில் ரோஜர்ஸ் ஒன்று கேட்டார்: உங்களை அன்பு செய்து இன்றைய நிலைக்கு ஆளாக்கியவர்களை எண்ணிப் பத்து விநாடிகள் மௌனமாய் இருங்கள் என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் கணித்தார். பலருடைய கண்கள் கலங்கின. இறைவனின் பெயர் சொல்லப்படாத அந்த மௌனம் ஒரு மன்றாட்டே.

அவரை அறிந்தோர் பலர் அவரைப் புனிதர் என்றனர். 2021இல் மறைந்த அவர் மனைவி ஜோன் அம்மையார் அதை ஏற்கவில்லை. அவரைப் புனிதர் என்றால், அது நமக்கு எட்டாதது என்று மக்கள் விட்டுவிடுவார்கள். அவர் பாடுபட்டுப் பழகியே அவ்வாறு ஆனார் என்பது அந்த அம்மையாரின் கருத்து. புனிதரைப் பீடத்தில் ஏற்றிவிட்டு, மாலையிட்டுவிட்டு, வீடு திரும்பும் நமக்கு இதைவிடக் கூர்மையான நினைவூட்டல் வேண்டுமா?

எனக்கு அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் ஒருவர் ஆண்டவரிடம் கேட்டார். ஆண்டவர் இலக்கணம் கூறவில்லை. ஒரு கதை சொன்னார். கதையின் முடிவில் கேள்வியையே திருப்பிப் போட்டார். அடுத்திருப்பவர் யார் என்று தேடுவதை விடுத்து, யாருக்கு நான் அடுத்திருப்பவன் ஆகிறேன் என்று கேட்கச் செய்தார். ஃபிரெட் ரோஜர்ஸ் தம் நிகழ்ச்சிக்கு அக்கம்பக்கம் என்று பெயரிட்டதும், தம்மைக் காண்போரை எல்லாம் அடுத்திருப்பவரே என்று அழைத்ததும் அந்தக் கேள்விக்கு அவர் தந்த விடை.

இன்று நம் வீடுகளில் திரைகள் பெருகிவிட்டன. கூடத்தில் ஒன்று, கைக்கு ஒன்று. குழந்தைக்கும் திரைக்கும் இடையே உள்ள அந்தச் சில அடி இடம் சில அங்குலமாகக் குறுகிவிட்டது. அது புனித நிலமாக இருக்கிறதா, சந்தைக்கடையாக இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? திரையைக் குறை கூறுவது எளிது. அக்குழந்தையின் அருகே அமர்ந்து, அது பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்பது கடினம். அதற்கு இறையியல் பட்டம் வேண்டாம். தொலைக்காட்சி நிலையமும் வேண்டாம். ஒரு முதியவர் தம் பேரனிடம் கூறிய ஒரே ஒரு வாக்கியம் எத்தனை தூரம் பயணம் செய்தது என்பதை எண்ணிப் பார்த்தால் போதும். அன்போடு சொல்லப்பட்ட சொல்லுக்கு அஞ்சற்கட்டணம் ஒருமுறைதான். அது என்றும் செல்லும்.